மேற்கு பார்த்த மேசை

கறம்பக்குடியில் பத்திர எழுத்தர் ரெங்கராஜிடம் வேலை பார்ப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. டீ வாங்கி வருகிற ஆள் "டீ". நகல் எடுக்கிற ஆள் "ஜெராக்ஸ்". பத்திரம் தட்டச்சு செய்கிற ஆள் "கம்ப்யூட்டரு". ஒன்பது வருடமாக இந்த மூன்று வேலைகளையும் பார்த்தது பிரகதாம்பாள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு மட்டும் மூன்று பெயர்கள் இருந்தன. ரெங்கராஜை இனி யாரும் கஞ்சன் என்று சொல்லக்கூடாது.

பிரகதாம்பாளுக்கு ஊர் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். புதுக்கோட்டைக்குக் காலேஜ் போகப் பஸ் வசதி இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ் இருந்தது. அப்பாவுக்கு மனம்தான் இல்லை. அவருக்குத் தெரியாமல் அம்மா கொடுத்த காசில் தட்டச்சு படித்து, லோயர், ஹையர் இரண்டும் முடித்தாள். பிறகு கல்யாணம். கணவன் முத்துக்குமார் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். அறுப்புக் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டான், வந்தால் இரண்டு நாள் தூங்குவான். மகள் அபிராமி எட்டாவது படிக்கிறாள். அபிராமிக்கு ஐந்து வயதாக இருந்தபோது பிரகதாம்பாள் இந்த வேலையில் சேர்ந்தாள். "ஒரு வருசம் பாப்போம்" என்றுதான் சேர்ந்தாள்.

ரெங்கராஜ் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். அதில் கரண்ட் இருக்கிறது என்பார். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கும் எழுதாது. அவர் வேலை, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. அவர் சொல்லச் சொல்லப் பிரகதாம்பாள் அடிப்பாள். அடித்ததை அவர் படித்துப் பார்ப்பதில்லை. படித்துப் பார்த்தால் தப்பு வரும் என்று சந்தேகப்பட்டதாகிவிடுமாம். எழுதிக் கொடுக்கிறவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டுவதும் "கம்ப்யூட்டரு" வேலைதான். அந்த நேரத்தில் அவர் எதிர்த்த டீக்கடையில் இருப்பார்.

லீவு விஷயத்தில் அவர் ரொம்பத் தாராளம். நாத்தனார் மகள் காதுகுத்துக்கு அரை நாள் கொடுத்தார். அந்த அரை நாளில் மூன்று தடவை போன் செய்தார். முதல் தடவை, ஸ்டேப்ளர் எங்கே இருக்கிறது? இரண்டாவது தடவை, அதற்குள் பின் ஏன் இல்லை? மூன்றாவது தடவை, "இருந்துச்சு, நாந்தான் சரியாப் பாக்கல. அதுக்காக நீ லீவு போடுறது சரின்னு ஆகாது." பிள்ளைக்குக் காது குத்துகிற நேரத்தில் பிரகதாம்பாள் பந்தலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பத்திர வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பது போல அவள் பழைய மூலப் பத்திரங்களைப் படிப்பாள். எந்த ஊரில் எந்தக் கொல்லை நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ரெங்கராஜ் தலைக்குள் என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்பது வருடம் போதவில்லை.

நிலத்துக்கு நான்கு எல்லை எழுத அவர் ஒரு முறை வைத்திருந்தார். எழுத வருகிறவர்கள் வாயால் சொல்லக்கூடாது, கையால் காட்ட வேண்டும். "வாயில சொன்னா கொழப்புவீங்க. நேரா நின்னு கையக் காட்டு." நம் பக்கத்து ஆட்களை எந்த அறைக்குள் நிறுத்தினாலும் அவர்கள் கொல்லை எப்படிக் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும். "இங்கிட்டு வாய்க்கா, அங்கிட்டு வண்டிப்பாதை" என்று திசை தப்பாமல் காட்டுவார்கள். ரெங்கராஜ் அரைக்கண்ணால் கையைப் பார்ப்பார். அவருக்கு நேர் எதிரே காட்டினால் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, வலது பக்கம் தெற்கு, இடது பக்கம் வடக்கு. பார்த்ததும் கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை இந்த முறையில் ஒரு குற்றமும் இல்லை.

தை மாதம் ஒரு வாஸ்துக்காரர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வருகிற ஆள் எப்படி உள்ளே வருவான் என்று கேட்டார். வாசல் மேற்கே இருந்தது. அன்று சாயங்காலமே மேசையைத் திருப்பிப் போட்டார்கள். போட்டார்கள் என்றால், பிரகதாம்பாள் ஒரு பக்கமும் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் மறு பக்கமும் தூக்க, ரெங்கராஜ் "மெதுவா, மெதுவா" என்றார்.

மேசை மேற்கே திரும்பியது. ரெங்கராஜ் திரும்பவில்லை. அவருக்கு எதிரே இருப்பது இன்னமும் கிழக்குத்தான், வலது கைப் பக்கம் இன்னமும் தெற்குத்தான். மறுநாள் வந்த முதல் பத்திரத்திலேயே பிரகதாம்பாளுக்கு இடித்தது.

"சார், மூலப் பத்திரத்துல வாய்க்கா கெழக்க இருக்குன்னு போட்டுருக்கு. நீங்க மேற்கேன்னு சொன்னீங்க."

"மூலப் பத்திரத்த எழுதுனவன் யாரு?"

"தெரியல சார். முப்பது வருசம் முந்துனது."

"தெரியாதவன் எழுதுனத நம்புவ, கண்ணு முன்னால ஒக்காந்து சொல்றவன நம்ப மாட்ட. அடிக்கிறது ஒன் வேலை. அடி."

இரண்டு நாள் கழித்து மேசை திரும்பியதைப் பற்றியே சொல்லிப் பார்த்தாள். "ஒனக்கு வாஸ்து தெரியுமா?" என்றார். தெரியாது என்றாள். "அப்பறம் என்ன?" என்றார். பேச்சு முடிந்தது.

சர்வே நம்பர் சரியாக இருந்தால் போதாதா என்று படித்தவர்கள் கேட்கலாம். ஆனால் வரப்பில் சண்டை வந்தால் ஊரில் யாரும் நம்பரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. "எல்லையப் படி" என்றுதான் சொல்வார்கள். அது பிரகதாம்பாளுக்குத் தெரியும். அதனால் அந்த முதல் பத்திரத்திலிருந்தே அவள் பேசாமல் ஒரு வேலை செய்தாள். அவர் கிழக்கு என்றால் மேற்கு என்று அடித்தாள், தெற்கு என்றால் வடக்கு. முதல் வாரம் சிரமமாக இருந்தது. பிறகு காதில் விழுந்ததை விரல் தானாகவே திருப்பிப் போட்டது. அவள் கிழக்கு மேற்கை அதிகமாகத் திருப்பியதில் ஒரு நாள் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குத் தன் வீட்டு அடையாளத்தையே மாற்றிச் சொல்ல, சிலிண்டர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

இப்படி மூன்று மாதம் ஓடியது. மேசையைத் திருப்பிய பிறகு தொழில் சுத்தமாக நடப்பதாக ரெங்கராஜ் எல்லாரிடமும் சொன்னார். வாஸ்துக்காரருக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் அடைக்கலம் அவளைக் கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன். பட்டா, சாதிச் சான்று, வில்லங்கம் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன்.

"மேடம், ஒரு நிமிசம்."

பிரகதாம்பாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"ஒங்களத்தான் மேடம். எங்க சென்டருக்கு வந்துருங்களேன். தனி மேசை, முதுகு வச்ச நாற்காலி, ஞாயித்துக்கெழமை லீவு. வெள்ளிக்கெழமைக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது. இல்லாட்டி வேற ஆளு பாக்கணும்."

அன்று அறுப்பு இல்லாததால் முத்துக்குமார் வீட்டில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீயே மாசாமாசம் அடுத்த மாசம் நிக்கிறேன், அடுத்த மாசம் நிக்கிறேங்குற. அந்த மாசம் வந்துருச்சுன்னு நெனச்சுக்க."

"லெட்டர்கூட எழுதி வச்சிருக்கேங்க" என்று போனை நீட்டினாள்.

முத்துக்குமார் சத்தமாகப் படித்தான். "கறம்பக்குடியில் வசிக்கும் முத்துக்குமார் மனைவி பிரகதாம்பாள் ஆகிய நான், மேற்படி ஊரில் வசிக்கும் ரெங்கராஜ் அவர்களுக்கு, சுயநினைவுடனும் முழுச் சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் எழுதிக் கொடுக்கும் விலகல் கடிதம் என்னவென்றால், மேற்படி வேலையில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் யாதொரு பாத்தியமும்..." அவன் நிறுத்தினான். "ஏய், இது லெட்டரா, கிரையமா? சாட்சிக் கையெழுத்து நான் போடவா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடத்தில் வேறு மாதிரி எழுத மறந்துபோயிருந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"நான் வந்துட்டா அவரு சொல்றத அப்படியே அடிக்கிற ஆளு ஒண்ணு வரும்ல?"

"வரட்டும். தப்பானா அந்தாளுக்குத்தான் கெட்ட பேரு."

"கெட்ட பேரு அவருக்கு. கொல்லை யாருக்குப் போகும்? அது தெரியவரவே அஞ்சு வருசம் ஆகும். அதுக்குள்ள அண்ணந்தம்பி ரெண்டு பேரும் மம்பட்டியத் தூக்கிருவாங்க."

"அப்ப அந்தாளு செத்தாத்தான் ஒனக்கு விடுதலை."

"அவருக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது" என்றாள் பிரகதாம்பாள் வருத்தமாக.

முதலாளி கெட்டவர் என்பதால் வேலையை விட முடியாமல் போன ஆள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நல்ல முதலாளியாக இருந்து ஒழுங்காகத் திசை சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே போயிருப்பாள்.

புதன்கிழமை இருளாயி வந்தாள். அறுபது வயது இருக்கும். மகளுக்குக் கொல்லையில் பாதியைத் தானமாக எழுதிவைக்க வந்திருந்தாள். கிழக்குப் பாதி மகளுக்கு, கிணறும் அதில்தான். மேற்குப் பாதியை ஏற்கெனவே மகனுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"கெழக்குப் பாதிய எம்மவளுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடிக்கிட்டுக் கையக் காட்டு" என்றார் ரெங்கராஜ்.

இருளாயி கிழக்கே கையைக் காட்டினாள். கை ரெங்கராஜின் முதுகுப் பக்கம் நீண்டது. அவர் கண்ணை மூடி, "மேற்குப் பாதியும் அதிலுள்ள கிணறும்" என்று சொன்னார். பிரகதாம்பாள் "கிழக்குப் பாதியும் அதிலுள்ள கிணறும்" என்று அடித்தாள். வழக்கம்போல எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அன்றைக்கென்று பார்த்து டீக்கடைக்காரர் வீட்டில் சடங்கு, கடை இல்லை. பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது ரெங்கராஜ் போக இடமில்லாமல் நாற்காலியிலேயே இருந்தார்.

"...கிழக்குப் பாதியும் அதிலுள்ள கிணறும்" என்று பிரகதாம்பாள் படித்ததும் அவர் கண்கள் திறந்தன.

"நான் என்ன சொன்னேன்?"

"சார், அவுக கெழக்கதான் சார் காட்டுனாக."

"நான் என்ன சொன்னேன்?"

"மேற்குன்னு சொன்னீங்க."

"அப்ப இது யாரு எழுதுன பத்திரம்? நீயா லைசென்ஸ் வச்சிருக்க? எத்தன பத்திரத்துல இப்படிக் கை வச்ச?"

எல்லாப் பத்திரத்திலும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. "ஐயா, நான் கெழக்கதானே..." என்று இருளாயி குறுக்கே பேசினாள்.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றார். நாற்பது வருடமாக அந்தக் கொல்லையில் புல் பிடுங்கியவளுக்குத் தெரியாமல், அந்தப் பக்கம் கால் வைக்காத அவருக்குத் தெரிந்திருந்தது. "மேற்குன்னு மாத்தி அடி. என் கண்ணு முன்னால அடி. இனிமே ஒரு எழுத்து மாத்துன, தொலைச்சுப்புடுவேன்."

அவர் எழுந்துவந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அப்போது பிரகதாம்பாளுக்கு ஒரு ஆசை வந்தது. அடித்துக் கொடுத்துவிட்டால் என்ன? அவர் கேட்டதுதானே? வெள்ளிக்கிழமை முதுகு வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால், இருளாயி மகளின் கிணற்றுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? "மேற்கு" என்பதற்கு முதல் எழுத்தைக்கூட அடித்தாள். நிமிர்ந்தால் இருளாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. 'நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்' என்கிற பார்வை. அதைவிடக் கோபமே மேல்.

"சர்வர் போயிருச்சு சார்" என்றாள். "நாளைக்குத்தான்."

சர்வர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் மாட்டார். "காலையிலயே நெனச்சேன்" என்று போய் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் புளியமரத்தடியில் பிரகதாம்பாள் இருளாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேசை திரும்பியது, மூன்று மாதம் மாற்றி அடித்தது, அடைக்கலம் கூப்பிட்டது எல்லாம்.

"நீங்க வேற ஆள்கிட்டப் போயி எழுதிக்கங்க."

"நான் போயிருவேன் ஆத்தா. நாளைக்கு இன்னொருத்தி வந்து கைய நீட்டுவால்ல? அவளுக்கு யாரு சொல்றது?" என்றாள் இருளாயி. கொஞ்சம் வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டாள். "ஏன் ஆத்தா, பத்திரத்தத் திருப்பித் திருப்பி அடிச்ச நேரத்துக்கு அந்தாளத் திருப்பிப் போட்டுருக்கலாம்ல?"

பிரகதாம்பாள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் நின்றாள். மூன்று மாதமாக ஒவ்வொரு எழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு மேசையை மறுபடி திருப்பலாம் என்று தோன்றவே இல்லை. மேசை முதலாளியுடையது, தப்பு மட்டும்தான் தன்னுடையது என்று பழகிவிட்டிருந்தது.

"நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"சொன்னாக் கேக்க மாட்டாரு, சரி. அந்தாளுக்கு எதுல பயம்?"

பிரகதாம்பாள் யோசித்தாள். சளி பிடித்தாலே தஞ்சாவூருக்கு ஓடுகிற ஆள். "உசுருல" என்றாள்.

"அத எங்கிட்ட விடு."

"வாஸ்துன்னு பேச்செடுக்காதீங்க. அதுக்கு ஆளு வச்சிருக்காரு. நடந்ததாச் சொல்லுங்க. மூணு மாசம்னு சொல்லுங்க."

மறுநாள் காலை இருளாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா" என்றார் ரெங்கராஜ்.

"வேணாம்யா. இங்கயே நிக்கிறேன்."

"ஏன்?"

"நேத்தே பாத்தேன், சொல்லல. எங்க கொழுந்தனாரும் இப்படித்தான் மேக்கப் பாத்து ஒக்காந்தாரு. நல்லா இருந்த நாற்காலியத் திருப்பிப் போட்டாரு. கல்லு மாதிரி இருந்த மனுசன்."

"என்ன ஆச்சு?"

"அத ஏன் கேக்குறீங்க காலங்காத்தால."

அந்தக் கொழுந்தனார் அதே நேரத்தில் சந்தையில் கருவாடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் இருளாயிக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவரைச் சாகடிப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

"எத்தன நாளு இருந்தாரு?" ரெங்கராஜின் குரல் இறங்கியிருந்தது.

"மூணு மாசம் முடிய நாலு நாளு இருந்துச்சு."

ரெங்கராஜ் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினார். தை, மாசி, பங்குனி. எண்ணி முடித்ததும் எழுந்தார். இந்தத் தடவை ஒரு பக்கத்தை அவரே தூக்கினார், "மெதுவா" என்று சொல்லக்கூட இல்லை. ஒன்பது வருடத்தில் அவர் ஒரு கனமான பொருளைத் தூக்கிப் பிரகதாம்பாள் அன்றுதான் பார்த்தாள்.

கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, விபூதி பூசி, தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். இருளாயி உள்ளே வந்து கையைக் காட்டினாள். கை அவருக்கு நேர் எதிரே நீண்டது. "கிழக்குப் பாதியும் அதிலுள்ள கிணறும்" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. நான்கு எல்லையும் சொன்னார். பிரகதாம்பாள் மூன்று மாதத்துக்குப் பிறகு, கேட்டதைக் கேட்டபடி அடித்தாள். விரல் இரண்டு இடத்தில் தவறித் திருப்பப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள்.

"பாத்தியா?" என்றார் அவர். "நான் சொன்னத ஒழுங்கா அடிச்சா எவ்வளவு சுருக்கா முடியுது? நேத்து நீ போட்ட கொழப்பந்தான் அம்புட்டும்."

"ஆமா சார்" என்றாள். "நாளையோட நான் நின்னுக்கிறேன் சார்."

பாத்தியம், வாரிசு எதுவும் தேவைப்படவில்லை. ரெங்கராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போற?"

"அடைக்கலம் சென்டருக்கு."

"போ. அங்க போயி கஷ்டப்பட்டாத்தான் என் அரும தெரியும். நீ போனா எனக்கு ஆளா இல்ல?" என்று அங்கேயே போனை எடுத்தார். நான்கு பேரிடம் பேசினார். மூன்று பேர் அவரைத் தெரிந்தவர்கள், முடியாது என்றுவிட்டார்கள். நான்காவது ஆளுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. அந்த ஆள் தன் மகள் இலக்கியாவை அனுப்பச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை இலக்கியா வந்தாள். பி.காம் முடித்த பெண், பளிச்சென்று இருந்தாள். பத்திரத் தாள் எது, நகல் எடுக்கிற மெஷினை எங்கே தட்டினால் ஓடும், முதலாளி கத்தும்போது எந்த இடத்தில் "ஆமா சார்" போட வேண்டும் என்று பிரகதாம்பாள் சொல்லிக் கொடுத்தாள். மத்தியானத்துக்கு முன் ஒரு பத்திரம் வந்தது. ஒரு பெரியவர் நின்று நான்கு பக்கமும் கையைக் காட்டினார். ரெங்கராஜ் கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தார். பிரகதாம்பாள் மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் நின்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். கிழக்கு சரி. தெற்கு சரி. மேற்கு சரி.

இலக்கியா திரும்பி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, சார் சொல்றத அப்படியே அடிக்கலாமா? எதுவும் பாக்கணுமா?"

வடக்கும் சரியாக வரும்வரை பிரகதாம்பாள் பதில் சொல்லவில்லை. வந்தது.

"இப்ப அடிக்கலாம்" என்றாள். மூலப் பத்திரத்தை இலக்கியா பக்கத்தில் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.